வீட்டின் 24 மணித்தியாலக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீட்டுக்கு உளவளத்துணை என்று போகிறவர்கள் வழமையாக முதலில் கேட்பது, "என்ன வருத்தம், எப்போதிருந்து?" என்றுதான். கிளினிக் கொப்பியைத் திறந்து காட்டிக் காட்டியே அந்தத் தாய் களைத்துப்போயிருப்பார். அதை விட்டுவிட்டு, நேற்று விடியற்சாமம் தொடங்கி இன்று விடியும்வரை இந்த வீட்டில் யார், எதை, எவ்வளவு நேரம் செய்தார்கள் என்று கேளுங்கள்.

கொப்பி ஒற்றையில் மூன்று கோடு போதும்: நேரம், வேலை, செய்தவர். 7 நாட்களுக்கு எழுதவேண்டும். கிளினிக் நாளும் சந்தை நாளும் வெள்ளிக்கிழமையும் ஒருநாள் கணக்கில் பிடிபடா. எழுத வசதிப்படாத வீட்டில் ஆளுக்கொரு சிரட்டை வைத்து, அரை மணித்தியாலப் பராமரிப்புக்கு ஒரு புளியங்கொட்டை போடச் சொல்லலாம். வார முடிவில் தாயின் சிரட்டை வழியும், மற்றவை அடி தெரியும். அப்போது யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. "இதில் எந்த ஒரு கொட்டையை இடம் மாற்றலாம்?" என்று மட்டும் கேட்கவேண்டும். முள்ளந்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் இருப்பவரைப் பொதுவாக 2 மணித்தியாலத்துக்கு ஒருதடவை புரட்டிவிட வேண்டும், இல்லையேல் படுக்கைப்புண் வரும். அதை இரவு முழுக்க ஒருவரே செய்தால் சில கிழமைகளில் அவரும் விழுவார். 10 மணி முதல் 2 மணிவரை ஒருவர், 2 முதல் 6 வரை இன்னொருவர் என்று பிரித்தாலே பாதி சண்டை தீரும்.

இந்தக் கணக்கு இல்லாமல் கொடுக்கும் ஆலோசனை ஏன் பிழைக்கிறது என்றால், இயன்மருத்துவர் நாளுக்கு 3 தடவை, தடவைக்கு 20 நிமிடம் பயிற்சி சொல்லியிருப்பார். அது ஒரு மணித்தியாலம். வயல் வேலைக்குப் போகிற தாயிடம் அந்த ஒரு மணித்தியாலம் கிடையாது. பயிற்சி நடக்காது, கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று ஏறும். இயன்மருத்துவரிடமே கேட்டு, நீட்டி மடக்குவதை உடுப்பு மாற்றும்போதும், நிற்கவைப்பதைத் தலை வாரி இழுக்கும்போதும் சேர்த்துவிடலாம்.

அடுத்து, சம்பந்தப்பட்டவரின் குரல். "அவனுக்கு ஒண்டும் விளங்காது" என்பார்கள். கண்மட்டத்துக்கு இறங்கி இருந்து, ஒரு கேள்வி கேட்டு, 10 விநாடி பேசாமல் காத்திருங்கள். நம்மில் பலரால் 3 விநாடிகூடப் பொறுக்க முடிவதில்லை! பேச்சு வராதவரோடு "ஓம்" என்பதற்குக் கண்ணை மேலே உயர்த்துவது போன்ற ஒரு அடையாளத்தைப் பொருத்திக்கொள்ளலாம். வளர்ந்தவராயின் அரை மணித்தியாலமாவது வீட்டார் இல்லாமல் கதைக்கவேண்டும். யார் குளிப்பாட்டுகிறார், அது பிடிக்கிறதா, கையில் காசு தருகிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். துன்புறுத்தல் நடப்பதாகத் தெரிந்தால், இலங்கையில் சிறுவராயின் 1929, பெண்ணாயின் 1938 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

திடீரென்று அடிக்கிறார், தலையைச் சுவரில் மோதுகிறார் என்றால், ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன்னால் நடந்தது, அவர் செய்தது, அதன்பின் நடந்தது என மூன்றையும் 2 கிழமை தொடர்ந்து குறித்துவையுங்கள். சொல்லத் தெரியாத பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இப்படித்தான் வெளிப்படும், ஆகவே வைத்தியரிடமும் காட்டவேண்டும். சில வீடுகளில் கட்டிவைப்பார்கள். கண்டதும் ஏசுவதில் பயனில்லை. பகலில் ஆளில்லை, வளவுக்குள் கட்டில்லாத கிணறு, பின்னால் வாவி. கிணற்றுக்கு வேலி, படலைக்குக் கொளுக்கி, பகலுக்கு ஒரு ஆள் என்று ஒழுங்கு செய்தால் கயிறை அவிழ்க்கச் சொல்ல நியாயம் இருக்கும்.

மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைப்பதையோ தண்ணீர் ஓதிக் கொடுப்பதையோ எதிர்க்கத் தேவையில்லை. வலிப்புக் குளிசையை மட்டும் இடையில் நிறுத்தக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிராபத்தாகலாம்.

"நானும் பிள்ளையும் ஒண்டாப் போய்ச் சேர்ந்தா நல்லம்" என்று ஒரு தாய் சொன்னால், "அப்பிடிச் சொல்லாதீங்க" என்று வாயடைக்காதீர்கள். உயிரை விடும் எண்ணமா, எப்படி என்று யோசித்தாரா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைக்காது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வயல்செய்யும் வீடுகளில் களைநாசினிப் போத்தல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அன்றே அதை அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்கும்.

இந்த ஏக்கத்தின் அடியில் கிடப்பது "எங்களுக்குப் பிறகு?" என்ற கேள்வி. நம் பகுதியில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், அதனால் நடக்க இயலாத மகன் தங்கைக்கும் மச்சானுக்கும் உரிய வீட்டில் இருப்பவராகிவிடுகிறார். கலியாணம் பேசும்போது அவரை மறைத்தால் பிறகு இரண்டு பக்கமும் கசப்பு. மகளிடம் தனியாகக் கேளுங்கள்: எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? முடியாது என்று சொல்ல அவருக்கும் இடம் வேண்டும். வீட்டு உறுதி எழுதுமுன், பெற்றோரின் சீவிய உருத்தையும் (உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை) மகன் வசிக்கும் உரிமையையும் எப்படிச் சேர்ப்பது என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், 15 வயதானதும் அடையாள அட்டை, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு மூன்றும் இருக்கட்டும். கொடுப்பனவு விண்ணப்பங்கள் கடதாசி இல்லாமல்தான் அதிகம் தங்கிப்போகின்றன. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போகும்போது பிரதிகளைக் கொண்டுபோங்கள்.

பராமரிப்பைக் கைமாற்றுவதையும் பழக்கவேண்டும். முதலில் ஒரு மணித்தியாலம், தாய் பக்கத்து வீட்டில். பிறகு அரை நாள், பிறகு ஓர் இரவு. ஒற்றை ஒன்றில் குளிசையின் பெயர், அளவு, நேரம், சோற்றை எவ்வளவு குழைப்பது, எப்படி இருத்தி ஊட்டினால் பிரக்கேறாது, எந்தச் சத்தம் பசிக்கு, எது வலிக்கு என்று எழுதி மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அலுமாரிக் கதவின் உட்புறம், ஒன்று கிளினிக் கொப்பிக்குள், ஒன்று அடுத்ததாகப் பார்க்கப்போகிறவர் கையில். குளிசை மாறினால் மூன்றிலும் அன்றே திருத்துங்கள்.