முட்டையை மிதித்துவிட்டு உள்ளே வா! உகாண்டாவின் குழந்தைப் போராளிகள் வீடு திரும்பிய கதை

[திரை: மண் வாசல். தரையில் ஒரு பச்சை முட்டை.]

துப்பாக்கியோடு பல வருடம் காட்டில் திரிந்த ஒரு பையன் ஊருக்குத் திரும்பி வருகிறான். வாசலில் பெரியவர்கள் ஒரு பச்சை முட்டையை வைத்துவிட்டு, "மிதி" என்கிறார்கள். மிதிக்கிறான். முட்டை உடைகிறது. "இனி உள்ளே வா" என்கிறார்கள்.

இவ்வளவுதானா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. முட்டைக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன், தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்.

[திரை: வரைபடம், வடக்கு உகாண்டா.]

இடம், அச்சோலி மக்கள் வாழும் குலு வட்டாரம். 1980களின் பிற்பகுதியில் ஜோசப் கோனி என்பவர் எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படையைத் தொடங்கினார். விரும்பிச் சேர ஆள் இல்லாததால் குழந்தைகளைக் கடத்தினார்கள். 20,000-க்கும் மேல் என்பது மதிப்பீடு. 1996 அக்டோபரில் அபோக்கே பள்ளி விடுதியில் ஒரே இரவில் 139 மாணவிகளைக் கொண்டுபோனார்கள். துணைத் தலைமை ஆசிரியையான இத்தாலியக் கன்னியாஸ்திரி, அவர்கள் போன தடத்திலேயே நடந்துபோய் 109 பேரை மீட்டு வந்தார். மீதி 30 பேரைத் தர மறுத்துவிட்டார்கள்.

இன்னொரு கொடூரம்: கடத்திய குழந்தைகளைக் கொண்டே ஊர்க்காரர்களையும் உடன் பிடிபட்டவர்களையும் அடிக்க வைத்தார்கள், கொல்ல வைத்தார்கள். இனி எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? தப்பி ஓடாமல் தடுக்க அந்த அவமானம் ஒன்றே போதும், சங்கிலி தேவையில்லை.

ஆகவே மறுவாழ்வு காட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டு பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த சேதி காட்டில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ரேடியோ! குலுவின் மெகா எஃப்.எம்.மில் 'த்வோக் பாச்சோ' என்று ஒரு நிகழ்ச்சி. 'வீட்டுக்குத் திரும்பி வா' என்று பொருள். ஏற்கெனவே தப்பி வந்தவர்கள் மைக்கில் பேசினார்கள்: நான் உயிரோடு இருக்கிறேன், என்னை யாரும் கொல்லவில்லை, நீயும் வா. எந்த அதிகாரியின் பேச்சும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

[திரை: மீண்டும் முட்டை, இப்போது நெருக்கத்தில்.]

வந்துவிட்டோம்! சடங்கின் பெயர் 'ஞோனோ தோங் க்வேனோ', கோழிமுட்டையை மிதித்தல். முட்டை மட்டுமில்லை, பக்கத்தில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, ஒபோபோ என்ற மரத்தின் கிளை. அதன் வழுவழுப்பான சாறு சோப்பைப் போல அழுக்கு நீக்குமாம். இன்னொன்று லாயிபி, குதிரின் மூடியைத் தூக்கித் தானியம் எடுக்க உதவும் கோல். 'இந்த வீட்டுச் சோற்றில் உனக்கு இன்னமும் பங்கு உண்டு' என்பதை ஒரு கோலை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். முட்டை எதற்கு? அதற்கு வாய் இல்லை. யாரைப் பற்றியும் அவதூறு பேசாது. நம் உறவினர் கூட்டத்தில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

என்னைக் கவர்ந்தது வேறு. இது போராளிகளுக்கென்று உருவான சடங்கே இல்லை. நெடுநாள் வெளியில் இருந்துவிட்டு வரும் எவருக்கும் செய்வதுதான். ஆக, அந்தப் பையனை அவர்கள் கொலைகாரனாக நிறுத்தவில்லை, வெளியூர் போய்வந்த பிள்ளையாக நிறுத்துகிறார்கள். 'அங்கே என்ன செய்தாய்?' என்ற கேள்வி வாசலில் எழுவதில்லை.

எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. சில பெந்தகோஸ்தே குடும்பங்கள் ஜெபம் போதும் என்று மறுத்துவிட்டன. 'மாத்தோ ஒப்புட்' என்ற பெரிய சமரசச் சடங்கும் உண்டு. கொன்றவன் தரப்பும் இறந்தவன் தரப்பும் சேர்ந்து கசப்பு வேர்ச் சாற்றைக் குடிப்பார்கள். ஆனால் யாரைக் கொன்றோம் என்றே தெரியாத பிள்ளை எந்தக் குலத்தாரோடு அமர்ந்து குடிப்பான்?

வரவேற்பு மையங்களில் சிகிச்சை, படம் வரைதல், குடும்பத்தைத் தேடித் தருதல் எல்லாம் நடந்தன. பெரும்பாலும் சில வாரங்கள்தான். பொதுமன்னிப்புப் பெற்றவர்களுக்கு ஒரு மெத்தை, பாத்திரம், மண்வெட்டி, விதை, கொஞ்சம் பணம். பள்ளியில் இழந்த வருடங்களை மண்வெட்டி எப்படி ஈடுகட்டும்?

ஓர் ஆச்சரியம். திரும்பி வந்த இளைஞர்களைப் பின்னர் ஆய்வாளர்கள் சந்தித்தபோது, கடத்தப்படாதவர்களைவிட இவர்களே அதிகமாக வாக்களித்திருந்தார்கள், ஊர்ப் பொறுப்புகளையும் ஏற்றிருந்தார்கள். உடைந்துபோன தலைமுறை என்று முத்திரை குத்தியவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

பெண்களின் கதை வேறு. பலர் கைக்குழந்தையோடு வந்தார்கள். அச்சோலி வழக்கில் நிலம் தந்தை வழியில் வருவது. தந்தை காட்டில் செத்துப்போன தளபதி என்றால் மகனுக்கு நிலம் எது? தன்னைக் கடத்தியவனின் சொந்த ஊரையே தேடிப்போய், "இது உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லும் நிலை சில தாய்மார்களுக்கு. அந்த வாசலில் முட்டை வைக்க யாரும் இல்லை.

[திரை: ஹேக் நீதிமன்றம்.]

கடைசியாக ஒருவர், டொமினிக் ஒங்வென். சிறுவனாகப் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டவர், தளபதியாக வளர்ந்தார். 2021-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டு சிறை விதித்தது. குற்றங்களில் ஒன்று, 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் படையில் சேர்த்தது! அவர் கடத்தப்பட்ட கதையைக் கணக்கில் எடுத்துத்தான் ஆயுள் தண்டனையைத் தவிர்த்தார்கள். சரியா, தவறா? நீங்கள் நீதிபதியாக இருந்தால் எத்தனை ஆண்டு கொடுத்திருப்பீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், முழு வழக்கையும் அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.