மௌனம் சம்மதம் அன்று

பெரியோர்களே, ஆசிரிய நண்பர்களே,

வகுப்புக்குள் நுழைந்ததும் நம்மில் பலர் முதலில் சொல்லும் சொல் "சைலன்ஸ்!" பிரம்பால் மேசையைத் தட்டிக்கொண்டே அதைச் சொன்னவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். (சிரிப்பு.) அதே அமைதியை வேறு வகையில் புரிந்துகொண்ட ஒரு பள்ளி மரபைப் பற்றி இன்று பேசுகிறேன்.

அது குவேக்கர்களின் மரபு. குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற சமயப் போதகரைச் சுற்றித் திரண்ட கிறிஸ்தவப் பிரிவினர். தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவன் என்பது பிறர் ஏளனமாக வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் கூறு இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியானால் இடையில் பாதிரியார் எதற்கு? பழைய முறையை விடாத பிரிவினரின் வழிபாட்டில் பிரசங்கமும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லோரும் அமர்ந்திருப்பார்கள். உள்ளுந்துதல் வந்தவர் எழுந்து நான்கு வார்த்தை சொல்லிவிட்டு அமர்வார். யாருக்கும் வராவிட்டால் முழு நேரமும் அமைதிதான். அவர்களுடைய பள்ளிகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இதற்கு உட்கார்கிறார்கள். நெளிகிறார்கள், சிலர் தூங்கியும் விடுகிறார்கள். எப்படியோ ஒரு பருவம் முடிவதற்குள் பழகிவிடுகிறது.

யார்க்‌ஷயரில் ஆக்வொர்த் பள்ளி 1779இல் தொடங்கியது, பென்சில்வேனியாவில் வெஸ்ட்டவுன் 1799இல். இரண்டிலும் தொடக்கம் முதலே பெண் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் நான் சொல்ல விரும்புவது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரை ஒட்டியுள்ள ஸ்கேட்டர்குட் பள்ளியைப் பற்றி. 1890இல் தொடங்கிய அது, பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1931இல் மூடப்பட்டது. 1939இல் பூட்டிக் கிடந்த கட்டடத்தைக் குவேக்கர்கள் பழுதுபார்த்துத் திறந்தார்கள், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகளுக்காக. 1943 வரை ஏறத்தாழ 185 பேர் அங்கே தங்கிப் போனார்கள். ஐரோப்பாவில் வேலைக்காரர்களை வைத்து வாழ்ந்தவர்களும் அவர்களில் உண்டு. இங்கே வந்ததும் எல்லோர் கையிலும் துடைப்பம்! பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, தோட்ட வேலை எல்லாம் முறைவைத்துப் பிரிக்கப்பட்டன. பழைய பதவி எதுவும் அந்த முறையிலிருந்து யாருக்கும் விலக்குத் தரவில்லை.

1944இல் அது மறுபடியும் பள்ளியானபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. மாணவர்கள் தங்கிப் படிக்கும் சின்னஞ்சிறு பள்ளி, பக்கத்திலேயே பண்ணை. சமையலறையிலும் பண்ணையிலும் பிள்ளைகளுக்கு வேலை உண்டு. சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் மௌனம். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் இத்தகைய பள்ளிகள் பலவற்றில் வழக்கம். 'சார்' போட்டே வளர்ந்த என் நாக்குக்கு அது இன்றைக்கும் வராது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். குவேக்கர்கள் முடிவெடுக்கும்போது வாக்கெடுப்பு நடத்துவதில்லை. விடுதியில் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்ற கேள்வி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வார்டன் சொல்வதோடு சரி. கொஞ்சம் முற்போக்கான இடமென்றால் கை தூக்கச் சொல்வார்கள். அங்கே கூட்டத்தை நடத்துபவருக்கு எழுத்தர் என்று பெயர், தலைவர் அல்லர். எல்லோரும் பேசியபின், கூட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று தனக்குத் தோன்றுவதை எழுதி, அங்கேயே உரக்கப் படிப்பார். "இது சரியா?" ஒரே ஒருவர் உறுதியாக மறுத்தாலும், முடிவெடுக்காமல் பேச்சைத் தொடர்வார்கள், அல்லது இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பார்கள். "எனக்கு உடன்பாடில்லை, ஆனால் குறுக்கே நிற்கமாட்டேன்" என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்ளவும் வழி உண்டு.

மௌனம் சம்மதம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கல்யாணப் பேச்சிலிருந்து கிராம சபை வரை எத்தனை பேருடைய வாயை அந்த ஒரு பழமொழி அடைத்திருக்கிறது! இத்தனை மௌனம் பழகிய குவேக்கர்கள் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒருவர் பேசாமல் இருந்தால், இன்னும் யோசிக்கிறார் என்று காத்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முறை.

இதில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. பேச்சு நீண்டால், சரியான கருத்துள்ளவரைவிடக் களைக்காதவரே வெல்லக்கூடும். எளிமை பேசும் மரபில் வந்த வாஷிங்டனின் சிட்வெல் பள்ளியில் கிளின்டன், ஒபாமா வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் கட்டணத்தை எல்லா வீட்டாராலும் கட்ட முடியாது.

நமக்கு இவர்கள் அப்படியொன்றும் அந்நியர் அல்லர். 1928இல் வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து தமிழ் கற்ற மார்ஜரி சைக்ஸ் பின்னாளில் குவேக்கர் ஆனவர். கோத்தகிரியில் வாழ்ந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

அந்த வழிபாடு எப்படி முடியும் என்பதைச் சொல்லாமல் விட்டேன். மணி அடிக்காது. மூத்தவர் ஒருவர் பக்கத்திலிருப்பவருடன் கைகுலுக்குவார். அதைப் பார்த்து எல்லோரும் அக்கம்பக்கத்தாருடன் கைகுலுக்குவார்கள். பிறகு, அன்றைக்குச் சமையலறை முறை யாருக்கோ அவர்கள் எழுந்து போவார்கள்.