ஒரே திரையில் மூன்று விதப் படங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

சுயாதீனக் கதைப்படம் (பெரிய ஸ்டுடியோக்களைச் சாராமல் எடுத்த கதைப்படம்), அனிமேஷன், ஆவணப்படம் மூன்றையும் ஒரே நிகழ்ச்சியில் கலந்து போட்டால் பார்வையாளர்கள் குழம்பிவிட மாட்டார்களா என்று ஒரு கேள்வி வழக்கமாக வரும். குழம்பட்டும் என்பதுதான் என் பதில். கொஞ்சம் குழம்பினால்தான் ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றும்.

சினிமா பிறந்ததே கலவையாகத்தான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டியவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான சின்னச் சின்னப் படங்கள். ஒன்றில் தொழிலாளர்கள் ஆலையிலிருந்து வெளியே வருகிறார்கள். இன்னொன்றில் தோட்டக்காரர் நீர் பாய்ச்சும் குழாயை ஒரு பையன் மிதிக்கிறான். அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும் நேரத்தில் காலை எடுத்துவிடுகிறான். முன்னது ஆவணம், பின்னது கதை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆலை லூமியர்களுடையது. அந்தக் காட்சியையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தத் தொழிலாளர்கள் நடிக்கவில்லையா?

1922இல், வட கனடாவின் பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹெர்டி எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' வந்தது. முழுநீள ஆவணப்படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதனால் ஃபிளாஹெர்டி ஒரு பக்கம் திறந்த வீடு ஒன்றைக் கட்டவைத்தார். துப்பாக்கி பழகிவிட்ட மக்களைப் பழையபடி ஈட்டி எடுக்கவைத்தார். நாயகனின் பெயரே நானூக் இல்லை, அல்லகாரியல்லாக். இதைப் பித்தலாட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிச்சத்துக்காகச் சுவரை எடுத்தது தொழில்நுட்பத் தேவை. ஈட்டி விஷயம் வேறு. அது இயக்குநரின் ஆசை, அதைப் பார்வையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அனிமேஷனுக்கு வருவோம். அதைக் குழந்தைகள் பக்கம் ஒதுக்கிவைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. 1915இல் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை மூழ்கடித்தது. கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியைப் படம்பிடிக்க அங்கே கேமரா இல்லை. அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே அதைக் கையால் வரைந்து 1918இல் படமாக வெளியிட்டார். போர்க்காலப் பிரசார வாடை அதில் தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் கேமரா போக முடியாத இடத்துக்குப் பென்சில் போகும் என்பதை அவ்வளவு முன்னாலேயே காட்டிவிட்டார்கள்.

நூறு வருடம் கழித்து வந்த 'ஃப்ளீ' என்ற அனிமேஷன் ஆவணப்படம் அதே வழியில் இன்னும் தூரம் போனது. ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி டென்மார்க் வந்து சேர்ந்த ஒருவர் தன் கதையைத் தானே சொல்கிறார். அவருடைய முகமும் பெயரும் வெளியே தெரியக் கூடாது. முகத்தை மங்கலாக்கிக் காட்டினால் அவர் குற்றவாளிபோலத் தெரிவார். வரைந்தபோது மனிதராகத் தெரிந்தார். ஆவணப்படம், அனிமேஷன், சர்வதேசப் படம் என்று ஆஸ்கரின் மூன்று பிரிவுகளிலும் அது பரிந்துரைக்கப்பட்டது. மூன்றிலுமே பரிசு இல்லை என்பது வேறு கதை.

ஆஸ்கரைச் சொன்னதால் இன்னும் இரண்டு வேடிக்கை. நார்மன் மெக்லாரன் 1952இல் எடுத்த 'நெய்பர்ஸ்' படத்தில் ஒரு பூவுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் அடித்துக்கொள்கிறார்கள். நடிகர்களைப் பொம்மைபோல அசைத்து, பிரேம் பிரேமாக, அதாவது ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்துக் கோத்த படம். அதற்குக் கிடைத்தது குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர்! பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் எடுத்த 'த வார் கேம்' பிரிட்டன்மேல் அணுகுண்டு விழுந்தால் என்னவாகும் என்ற கற்பனை. தயாரித்த பிபிசியே பயந்துபோய் 1985 வரை ஒளிபரப்பவில்லை. நடக்காத போரைப் பற்றிய அந்தப் படத்துக்கும் ஆவணப்பட ஆஸ்கர் கிடைத்தது. பரிசு கொடுக்கிறவர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் இது கதை, இது ஆவணம் என்று பிரித்துவைக்கப் பெட்டிகள் தேவை. பார்க்கிற நமக்கு அவசியமில்லை.

இந்தப் பெட்டிகளை உடைப்பவர்கள் பெரும்பாலும் சுயாதீன இயக்குநர்கள்தான். காசு இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். ஷான் பேக்கர் 2015இல் வந்த 'டேஞ்சரின்' படத்தை ஐபோனில் எடுத்தார். லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வசனமே இல்லாத 'ஃப்ளோ'வை உருவாக்கினார். பெரிய ஸ்டுடியோக்களின் படங்களைத் தாண்டி அனிமேஷன் ஆஸ்கரை அது வாங்கியது.

கடைசியாக, நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. கலந்து போடுகிறோம் என்று சொல்லிவிட்டு, அனிமேஷன் குறும்படத்தை இரண்டு பெரிய படங்களுக்கு நடுவே ஊறுகாய்போல வைக்காதீர்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்துக்கு, இரண்டு பிரேமுக்கு ஒரு ஓவியம் என்று கையால் வரைந்தால், நொடிக்கு 12, பத்து நிமிடத்துக்கு 7,200 ஓவியங்கள் வேண்டும். அந்தக் குறும்படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஆவணப்படத்துக்குக் கொடுக்கிற அதே கலந்துரையாடல் நேரத்தை அதற்கும் கொடுங்கள். வரைந்தவர் வந்திருந்தால் மேடைக்குக் கூப்பிடுங்கள்.

நன்றி.