மார்கழியில் முளைத்த சோளம்

நேயர்களுக்கு வணக்கம். ஓசூரை ஒட்டிய மேட்டு நிலமான தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் மார்கழி வந்தால் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "தீவனச் சோளம் விதைச்சு இருபது நாளாச்சு சார், ஒரு சாண்கூட வரலை. பகல்ல நல்லாத்தானே வெயில் அடிக்குது?"

வெயிலில் குறை இல்லை. ராத்திரிக் குளிர்தான் சிக்கல். சோளம், மக்காச்சோளம், கம்பு, கம்பு நேப்பியர் எல்லாமே வெப்பநாட்டுப் புல் இனம். மண் 30 டிகிரி சூட்டில் இருந்தால் சோளம் நாலைந்து நாளில் தலைகாட்டும். 15 டிகிரி என்றால் பத்து நாளைத் தாண்டும். 10 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றேவிடும். அப்படிக் கிடக்கும் விதையைப் பூஞ்சாணம் பிடிப்பது தனிக்கதை.

முளைத்தபின் நடப்பதுதான் வேடிக்கை. பகலில் இலை மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. இரவில் அது சர்க்கரையாகக் கரைந்து குருத்துக்கும் வேருக்கும் போகவேண்டும். குளிரில் அந்தக் கரைகிற வேலை மந்தமாகிவிடுகிறது. சமையல் முடிந்தும் பந்தி போடாத கல்யாண வீடு மாதிரி. பாங்கோலா என்ற தீவனப் புல்லை இரவில் 10 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். விடிந்த பிறகும் மாவு இலைக்குள்ளேயே தேங்கிக் கிடந்தது. 1970-ல் வந்த ஆய்வு அது. தேங்கிய மாவோடு இருக்கிற இலை மறுநாள் வெயிலிலும் சரியாக உழைப்பதில்லை.

மக்காச்சோளத்தில் இளம் இலை கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை என்று உடனே டிஏபி உர மூட்டையைப் பிரிக்கிறோம். சத்து மண்ணிலேயே இருக்கலாம், குளிர்ந்த வேரால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண் சூடேறினால் புது இலை பச்சையாக வரும். இலை நுனி கருகினாலும் அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். ஐந்தாறு இலை விடும்வரை குருத்து மண்ணுக்குள்தான் இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லியாகவேண்டும். வளராமல் குன்றி நிற்கிற இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் உண்டாக்கும் பொருள் அதிகம். "வராத பயிர்தானே, மாடாவது மேயட்டும்" என்று அவிழ்த்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாடு மூச்சு வாங்கும், தள்ளாடும், டாக்டர் வருவதற்குள் விழுந்துவிடும். பூ எடுக்கும்வரை பொறுத்துத்தான் அறுக்கவேண்டும்.

சரி, எப்போது விதைப்பது? தைப்பட்டம், அதாவது தை மாத விதைப்பு, சமவெளிக்குப் பொருந்தும். 'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்று சொன்னவர்களுக்கு மண்ணின் குளிர் தெரிந்திருக்கிறது. நம்முடைய மேட்டு நிலத்தில் மாசி பாதியாவது கழியட்டும். அதுவரை பசுந்தீவனம் வேண்டுமென்றால் ஓட்ஸ் இருக்கிறது. அது குளிர்நாட்டுப் புல், நீலகிரியில் விதைக்கிறார்கள்.

காலண்டரைவிட ஒரு சாதாரண வெப்பமானி நல்லது. காலையில் விதைக்கும் ஆழத்தில் செருகிப் பாருங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து 18 டிகிரி காட்டினால் விதைப்பெட்டியை எடுக்கலாம். வணக்கம்.