மூடியைத் திறந்து திறந்து மூடும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். பாலர் வகுப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால், யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிடுவார்கள். "இன்னும் மூணு வயசு முடியலை டீச்சர், அம்பது வரைக்கும் எண்ணுவா. சொல்லு கண்ணு, டீச்சருக்குச் சொல்லிக் காட்டு." கண்ணு என்னைப் பார்க்கும், அம்மாவைப் பார்க்கும், முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "இவ்வளவு நேரம் சொல்லிட்டுத்தான் இருந்தா, ஆள் வந்தா இப்படித்தான்" என்று அம்மாவுக்கு வருத்தம். பிறகு அந்தக் கேள்வி வரும்: "சொன்னதும் பிடிச்சுக்கிறா. அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கலாம்?"

கொஞ்ச நாள் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவள் தானாக என்ன செய்கிறாள் என்று பாருங்கள் என்பேன். பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

மரியா மாண்டிசோரி அம்மையாரை உங்களில் பலர் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையில்தான் பார்த்திருப்பீர்கள். படிப்பால் அவர் டாக்டர். 1907இல் ரோம் நகரத்தில், ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் கையில் ஒரு மரக்கட்டை. அதில் வரிசையாகக் குழிகள். தடியும் ஒல்லியுமாக மர உருளைகள். எது எதில் பொருந்தும் என்று பார்த்துப் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு அங்கேயும் அதே வேலை! நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். அப்புறம் யாரும் சொல்லாமலே நிறுத்தினாள், தூங்கி எழுந்தவள்போலத் தெளிந்த முகத்தோடு.

இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை, என் மகளே "அம்மா, உருளைக் கதையா?" என்பாள். அந்த அம்மையார் 1939இல் நம் சென்னைக்கு, அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் இருந்தார். நம் ஆசிரியர்கள் நிறையப் பேர் அவரிடம் நேரிலேயே பயின்றார்கள். சரி, கதைக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் அந்தச் சிறுமி இருக்கிறாள். சமையலறையில் உட்கார்ந்து எவர்சில்வர் சம்படத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாளே, அவள்தான். தம்ளரில் தம்ளரைச் செருகுவது, வாளித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுவது. "போதும், எத்தனை தடவை!" என்று நாம் பிடுங்கி வைத்துவிட்டு, அட்டைப் புத்தகத்தைக் கொடுத்து "ஏ ஃபார் ஆப்பிள் சொல்லு" என்கிறோம். பெரிது சிறிது, நிறைந்தது வழிந்தது, எது எதில் அடங்கும் என்பதெல்லாம் அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது. அதை நாம்தான் நிறுத்தினோம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பயறு, கடலை, பாசிமணி வேண்டாம், நேரே மூக்குக்குள் போகும். வெங்காயம், உருளைக்கிழங்கு கொடுங்கள், பிரிக்கட்டும். தண்ணீர் வாளி என்றால் பக்கத்திலேயே நீங்களும் இருங்கள்.

அடுத்தது, "சொன்னா சாக்லேட் தரேன்." அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் ஓர் ஆய்வு; 1973இல் வெளிவந்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளிடம் "வரைந்தால் நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்து எந்தப் பரிசும் இல்லாமல் பேனாக்களைச் சும்மா வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலிக்குச் செய்வதாகிவிட்டது. சொல்லாமல் கொடுத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை. ஆகவே தாத்தா பாட்டிகள் பயப்பட வேண்டாம், மிட்டாய் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள்.

"என் தங்கம் அறிவாளி" என்பதும் ஓயாமல் வேண்டாம். அறிவாளி என்று பேர் வாங்கிய பிள்ளை, தெரியாததைத் தொடத் தயங்கும். "மூடி போடவே வரலை, திருப்பித் திருப்பிப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டியே" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

அப்புறம் கேள்விகள். "பல்லி ஏன் கீழே விழலை?" உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. "அட, ஆமாம், வா, பாக்கலாம்" என்று கூடப் போய் நின்றாலே போதும். ஒரே கதையைத் தினமும் கேட்டால் தினமும் சொல்லுங்கள். அதுவும் மூடி வேலைதான்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். செல்போனைப் பற்றிக் கடைசியில் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது. ஓடியாடுவதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். எல்கேஜி நேர்முகத்துக்குத் தயார் செய்வது பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.