சுவர் இருந்தால்தான் சித்திரம்

(மெல்பர்னில் எங்கள் பிள்ளைகளின் ஃபூட்டி எனும் ஆஸ்திரேலியக் கால்பந்துப் பரிசளிப்பு விழாவில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, பயிற்சியாளர்களே, குளிர்காலத்திலும் விடியற்காலையில் வந்து கோல் கம்பங்களுக்கு மெத்தை கட்டுகிற பெற்றோர்களே, நான் எப்போது முடிப்பேன் என்று கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நகரசபை உறுப்பினருக்குத் தனியாக ஒரு நன்றி. நம் மைதானத்துக்கு விளக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கிழக்கு மூலையில் இன்னும் இருட்டாக இருப்பதையும் இந்த இடத்தில் பணிவோடு நினைவூட்டுகிறேன். அதிபர் அம்மா இன்று தமிழ் வகுப்பை அரை மணி நேரம் முன்னதாக முடித்துவிட்டார். அதற்கும் ஒரு கோப்பை கொடுக்கலாம்.

தலைவர் எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, தடுத்து ஆடுகிறவனுக்கு ஏன் பரிசு இல்லை. இரண்டு, நம் பெண்கள் அணி. மூன்று, எல்லைக்கோட்டில் நின்று நடுவரைப் பார்த்துக் கத்தும் நம் அப்பாக்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். மேசையில் இருக்கும் கோப்பைகளைப் பாருங்கள். எல்லாம் சித்திரத்துக்கு. சுவருக்கு ஒன்றுகூட இல்லை. ஏஎஃப்எல் என்ற பெரிய லீக்கிலும் இதே கதைதான். அதிக கோல் அடித்தவருக்குக் கோல்மன் பதக்கம். ஆண்டின் சிறந்த கோலுக்கும், உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடிக்கும் ‘மார்க்’கில் சிறந்ததற்கும் தனித்தனி விருது. ஆண்டின் சிறந்த வீரருக்கு நடுவர்கள் வாக்களித்துக் கொடுக்கும் பிரவுன்லோ பதக்கத்தை 1993இல் எசண்டன் அணியின் கவின் வாங்கனீன் தடுப்பு வரிசையான பின்வரிசையில் ஆடி வென்றார். அதற்குப் பிந்தைய பட்டியல் ஏறக்குறைய முழுவதும் நடுக்களத்துக்காரர்கள். வீரர்கள் சங்கம் ராபர்ட் ரோஸ் பெயரில் தீரத்துக்கு ஒரு விருது வைத்திருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் பிரவுன்லோ இரவை உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு அதை யார் பார்க்கிறார்கள்?

இங்கே ஒரு கதை சொல்லவேண்டும். 2005. நான் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. செப்டம்பர் 24, சனிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, ‘தம்பி, இன்றைக்கு நீ தனியாக இருக்கக்கூடாது, கிராண்ட் ஃபைனல்’ என்று இழுத்துப் போனார். வெறுங்கையோடு போகலாமா? ஒரு தட்டு உளுந்து வடையோடு போனேன். அவர் அதை டோனட் என்று நினைத்துச் சர்க்கரையில் தோய்த்தார். நான் தடுக்கவில்லை. விருந்தாளி நான்.

அவர் பழைய சவுத் மெல்பர்ன் ரசிகர். அந்த அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1933இல். அப்போது அவருக்கு எட்டு வயது. பிறகு 1982இல் அணியே சிட்னிக்குப் போய்விட்டது. ஊர் மாறிப் போன அணியை விடாமல் நேசித்த மனிதர் அவர். ஊர் மாறி வந்த எனக்கு அது புரிந்தது. ஆட்டம்தான் புரியவில்லை.

கடைசி நொடிகள். சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. நான்கு புள்ளிதான் வித்தியாசம், ஒரு கோலுக்கு ஆறு. வெஸ்ட் கோஸ்டின் டீன் காக்ஸ் பந்தைத் தூக்கி அடிக்கிறார். கோலுக்கு முன்னால் ஒரு கூட்டமே அண்ணாந்து நிற்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் பக்கவாட்டில் இருந்து பாய்ந்தார் சிட்னியின் லியோ பாரி. பின்வரிசைக்காரர், 184 சென்டிமீட்டர்தான் உயரம். எவன் முழங்கை எங்கே இடிக்கும் என்று பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தார், பிடித்தார், விழுந்தார். நான் நாற்காலியில் இருந்து குதித்து ‘அவுட்!’ என்று கத்தினேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு வேறென்ன வரும்? பெரியவர் என்னைத் திருத்தவில்லை. வர்ணனையாளர் ‘லியோ பாரி, நீ ஒரு நட்சத்திரம்’ என்று கூவியதையும் அவர் கேட்டிருக்கமாட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் சர்க்கரையும் கண்ணீரும்.

72 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தது ஒரு தடுப்பு. ஆட்டநாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் போனதோ, தோற்ற அணியின் நடுக்களத்துக்காரர் கிறிஸ் ஜட்டுக்கு. அவர் அருமையாக ஆடினார், மறுக்கவில்லை. ஆனால் சுவர் இருந்தால்தானே சித்திரம்?

2010இல் சமனில் முடிந்து மறுபடி ஆடிய கிராண்ட் ஃபைனலில் செயின்ட் கில்டாவின் நிக் ரீவோல்ட் கோல் வாசலில் நின்று உதைக்கப் போகிறார். பின்னாலிருந்து பாய்ந்த கோலிங்வுட்டின் ஹீத் ஷா அந்த உதையின்மேலேயே விழுந்து அடைத்தார். இதைத்தான் நாம் ஸ்மதர் என்கிறோம். 2009 கிராண்ட் ஃபைனலில் ஜீலாங்கின் கடைசித் தடுப்புக்காரரான ஃபுல்-பேக் மேத்யூ ஸ்கார்லெட் கால்விரல் நுனியால் தள்ளிவிட்ட பந்துதான் பால் சாப்மனின் கோலாக முடிந்தது. நார்ம் ஸ்மித் பதக்கம் சாப்மனுக்கு. ஸ்மதர், எதிராளி பிடிக்கப்போகும் பந்தைத் தட்டிவிடும் ஸ்பாயில், தோழனுக்கு வழிமறித்துக் கொடுப்பது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் புள்ளிவிவரத்தில் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘ஒன் பெர்சென்டர்’. நூற்றில் ஒன்றாம்! உடம்பைக் கொடுத்துத் தடுத்தவனுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண்கள் அணியைப் பற்றி அடுத்த ஆண்டு பேசுகிறேன். அப்பாக்கள் தப்பித்தார்கள்.

என் அம்மா இந்தப் பழமொழியைச் சொன்னால் சுவர் என்பது உடம்பு. காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடித்தால் இதைச் சொல்லித்தான் படுக்கவைப்பார்.

இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம். பின்வரிசை மூலையில், பேக் பாக்கெட்டில் ஆடும் நம் பையன் ஒரு ஸ்மதர் செய்தான். பந்து கையில் படவில்லை, முகத்தில் பட்டது. கன்னத்தில் பந்தின் தையல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. எழுந்தான். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். ‘ஓடு, ஓடு’ என்றோம், நானும்தான். அவன் எல்லைக்கோட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான்: ‘மாமா, நாம் எந்தப் பக்கம் உதைக்கிறோம்?’

முதலுதவி பார்க்கும் அம்மா ஓடிவந்து அவனை உட்காரவைத்தார். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் 21 நாளுக்குள் திரும்ப ஆட முடியாது, சமூக ஆட்டத்தில் இப்போது அதுதான் விதி. பையன் அழுதான். அடுத்த வாரமே சில பெரியவர்கள், ‘பையன் நன்றாகத்தானே இருக்கிறான், அரையிறுதி வருகிறதே’ என்றார்கள். பெயர் சொல்லமாட்டேன். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

2023 இறுதிச் சுற்றில் ஸ்மதர் செய்யக் குதித்த கோலிங்வுட்டின் பிரேடன் மேனார்டின் தோள் மெல்பர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷாவின் தலையில் மோதியது. தீர்ப்பாயம் மேனார்டை விடுவித்தது. பிரேஷா அடுத்த பிப்ரவரியில் 28 வயதில் ஆட்டத்தையே விட்டார். குதித்து ஸ்மதர் செய்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று அதன் பிறகு விதியை இறுக்கினார்கள். தடுத்தவர் துணிச்சல்காரர்தான். விழுந்தவரின் தலை யாருடையது?

ஆகவே என் கோரிக்கை. அடுத்த ஆண்டு முதல் சிறந்த தடுப்புக்கு ஒரு கோப்பை. செலவு என்னுடையது. ஒரு நிபந்தனை: நல்ல ஸ்மதருக்கு என்ன மதிப்பெண்ணோ, ‘எனக்குத் தலை சுற்றுகிறது’ என்று தானாக வந்து சொல்லும் பிள்ளைக்கும் அதே மதிப்பெண். கூடவே, 21 நாளைக் குறைக்கச் சொல்லி யாரையும் நெருக்கமாட்டோம் என்று பெற்றோர் கையெழுத்திட ஒரு படிவம். தேநீர் மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கையைத் துடைத்துவிட்டு எழுதுங்கள். போன முறை விளக்குக்கு வாங்கிய கையெழுத்தில் பாதி எண்ணெயில் ஊறிவிட்டது. நன்றி, வணக்கம்.