நைட் டியூட்டி முடிந்த டாக்டரும் காலை ஓ.பி.யும்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தை பிறந்த சேதி வந்ததும் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்தான். என்ன குழந்தை? தாயும் பிள்ளையும் நலமா? பிரசவம் பார்த்த டாக்டர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாது, அதில் தவறும் இல்லை. ஆனால் ஆயுள் முழுக்க லேபர் வார்டிலேயே வேலை பார்த்த எனக்கு அந்தக் கேள்வி பெரிய கேள்வி. மருத்துவமனைகளில் பணியாற்றும் மகப்பேறு மருத்துவர்களின் பணிச்சோர்வைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

களைப்பு வேறு, இது வேறு. களைப்பு என்றால் ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடும். இது லீவு எடுத்தாலும் கூடவே வரும். 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். ஆர்வத்தோடு ஓடி வந்து வேலை செய்தவர்கள்தான் முதலில் ஓய்ந்துபோனார்கள். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இருவர் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். அந்தக் கேள்விகள் மூன்று விஷயங்களைத் தேடுகின்றன. மனசு வற்றிப்போய்விட்டதா? எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் வெறும் கேஸாகத் தெரிகிறாரா? நான் செய்வதால் யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் வந்துவிட்டதா?

இந்த இரண்டாவது விஷயத்தை எனக்குக் கண்ணெதிரே காட்டியவர் என்னோடு வேலை பார்த்த ஓர் இளம் மருத்துவர். ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது, முதலில் பெயரைச் சொல்லுவார், பிறகுதான் பிரஷர், சர்க்கரை எல்லாம். அப்படிப்பட்டவர்.

ஓர் இரவு, நிறைமாதத் தாய் ஒருவர், காலையிலிருந்து குழந்தை அசையவில்லை என்று வந்தார். இவர் வயிற்றில் டாப்ளர் கருவியை வைத்துத் தேடுகிறார். இடப்பக்கம் வைக்கிறார், வலப்பக்கம் வைக்கிறார், இன்னும் கொஞ்சம் ஜெல் போட்டுக் கீழே வைக்கிறார். குழந்தையின் துடிப்பு என்றால் குதிரை ஓடுகிற மாதிரி கேட்கும். அங்கே கேட்டது தாயின் நாடி மட்டும்தான். ஸ்கேன் பார்த்து உறுதி செய்துகொண்டு, கணவனையும் மனைவியையும் உட்கார வைத்து இவர்தான் சொன்னார். அந்தத் தாயின் கை இவர் கையைப் பிடித்தபடியே இருக்கிறது. வாசலில் நர்ஸ் நிற்கிறார்: "டாக்டர், அடுத்த ரூம்ல தலை தெரியுது."

போனார். பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவம். "வாழ்த்துக்கள்மா" என்று சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும், சொன்னார். வேறு எந்தத் துறையிலும் அழுகையும் சிரிப்பும் இவ்வளவு அடுத்தடுத்த அறைகளில் இருப்பதில்லை. நடுவில் இருக்கும் அந்தப் பத்தடி வராந்தாவில் ஒரு மனுஷி தன் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விடிந்ததும் என்ன நடந்தது? ஓ.பி.யில் போய் உட்கார்ந்தார். டியூட்டி பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

அதன்பின் சில மாதங்களில் அவர் பேச்சு மாறியது. பெயர்கள் மறைந்து "ஏழாம் பெட்", "அந்த சிசேரியன் கேஸ்" என்று ஆனது. கேட்டதற்கு, "எனக்கு எதுவுமே தோணலை மேடம். அழுகையும் வரலை, சந்தோஷமும் வரலை" என்றார். அவருக்கு அக்கறை குறையவில்லை. அக்கறை அதிகமாக இருந்ததால்தான் அங்கே போய் நின்றார்.

சரி, ஏன் இந்தத் துறையில் இவ்வளவு? குழந்தைகள் நேரம் பார்த்துப் பிறப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமல் போனால் ரத்தப்போக்கு நிற்காது, யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அது வரும். ஆகவே அமைதியாக இருக்கும் இரவில்கூட மகப்பேறு மருத்துவரின் உடம்பு ஓய்வதில்லை, காது கதவிலேயே இருக்கும். இதோடு ஆள் பற்றாக்குறை, கேஸ் போடுவார்களோ என்ற பயம், ஆத்திரத்தில் கை ஓங்கும் உறவினர்கள், முடிவில்லாத ரெக்கார்டு எழுத்து வேலை. வீட்டில் தன் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்து மற்றவர் குழந்தைக்காக விழித்திருக்கும் பெண் மருத்துவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். டியூட்டி பட்டியலில் அவர்களுக்கு ஒரு சொல்லும் கிடையாது.

அந்தப் பட்டியலுக்குத்தான் நான் திரும்பத் திரும்ப வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல ஆகிவிடுகின்றன. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம். நைட் டியூட்டி முடித்துக் காலை ஓ.பி.யில் உட்காருகிறவர் 17 மணி நேரத்தை எப்போதோ தாண்டியிருப்பார். யோகா செய்யுங்கள், மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, இது நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. அப்படியானால் மருந்தும் வேலையிடத்தில்தான் இருக்க வேண்டும். இரவு முழுக்க விழித்தவருக்கு மறுநாள் ஓய்வு. இதைச் சலுகையாகக் கொடுக்காமல் விதியாக எழுதி வையுங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மூத்த மருத்துவர்களிடம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; சுருக்கமாகச் சொல்கிறேன். தாயோ குழந்தையோ இறந்த இரவில், பிரசவம் பார்த்தவரைத் தனியே விடாதீர்கள். சிகிச்சையில் தவறு நேர்ந்தால் அதில் சிக்கிய மருத்துவரை ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று அழைத்தார்; தவறே செய்யாமல் அந்த இரவைக் கடந்தவருக்கும் அந்தப் பெயர் பொருந்தும். அடுத்த கேஸை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவரை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். விசாரணை பிறகு நடக்கட்டும். அந்த இளம் மருத்துவருக்கு எங்கள் பிரிவில் டியூட்டியை மாற்றிக் கொடுத்தோம், இரவு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று. அவர் இன்றும் பிரசவம் பார்க்கிறார். மருத்துவர்களின் வீட்டாருக்கும் ஒன்று: முன்பெல்லாம் வார்டு கதை சொன்னவர் இப்போது ஒன்றுமே சொல்வதில்லை என்றால், கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தூக்கம் வராமல், வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

வணக்கம்.